மாமியாரின் கண்ணீரும் ஓர் ஈரத் துண்டும்

நான்கு வரி

அரசு மருத்துவமனை வாசலில் பைக்கை நிறுத்துவதற்கு முன்பே செய்தி என் கையில் தயாராக இருக்கும். மாவட்ட நிருபர்களுக்கென்று ஒரு வார்ப்பு உண்டு. "குடும்பத் தகராறில் மனமுடைந்த விவசாயி பூச்சிமருந்து குடித்தார்." பெயர், வயது, ஊர் மூன்றையும் நிரப்பினால் போதும். நானும் பல ஆண்டுகள் நிரப்பினேன்.

அன்று பெயர் மாதையன். வயது முப்பத்தாறு. நல்லம்பள்ளிப் பக்கம் சாமந்தித் தோட்டம். காலை பதினொரு மணிக்கு, வாயில் நுரையும் உடம்பெல்லாம் வியர்வையுமாகக் கொண்டுவந்திருந்தார்கள். வார்டு வாசலில் அவருடைய மனைவி காவேரியை ஏட்டு விசாரித்துக்கொண்டிருந்தார்.

"காலைல வூட்டுல சண்டையாம்மா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"காத்து பலமா அடிக்குது, இன்னிக்கி மருந்து அடிக்க வேணாம்னேன். நீ என்ன அக்ரி ஆபீசரான்னு கேட்டாரு. ஆமா, சம்பளம்தான் வரலன்னேன்."

"சரி. சண்டை உண்டுன்னு ஒத்துக்கிட்ட."

"அவரு குடிக்கலீங்க. மருந்து அடிச்சிக்கிட்டிருந்தவரு அப்டியே வரப்புல வுழுந்துட்டாரு."

"எல்லாரும் அப்டித்தாம்மா சொல்றாங்க."

ஏட்டு எழுதிக்கொண்டார். நானும் எழுதிக்கொண்டேன். பிற்பாடு குறிப்பேட்டைப் பார்த்தபோது அதில் இருந்தவை இரண்டே சொற்கள்: மனைவி, தகராறு. வார்ப்பில் காற்றுக்கு இடம் கிடையாது.

காவேரி அழவில்லை. அவளுக்கு எதிரான முக்கியமான சாட்சியம் அதுதான். அவளுக்கும் சேர்த்து மாமியார் மாதம்மாள் அழுதார். கட்டிலோரம் உட்கார்ந்து மகனுடைய துண்டால் அவன் வாயைத் துடைப்பார். அதே துண்டால் தன் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொள்வார். துடைக்கத் துடைக்க ஒழுகியது. சாவு வீடுகளில்கூட அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை.

மாதையனின் பெரியப்பா என் தோளைத் தொட்டார். "பெத்தவ கண்ணப் பாருங்க சார். கட்டுனவ கண்ணையும் பாருங்க. இதுக்கு மேல என்ன ருசு வேணும்? அவன் பொழச்சாலும் சரி, போனாலும் சரி, இவ இனி எங்க வூட்டுப் படியேற முடியாது. ரெண்டு புள்ளைங்களையும் நாங்க வளத்துக்கறோம்."

ருசு எனக்கும் போதுமானதாக இருந்தது. நான்கு வரியை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.

டார்ச்

வார்டில் ஸ்டாஃப் நர்ஸ் அம்சா பணியில் இருந்தார். அவருக்குக் கணக்கு உதைத்தது. வயிற்றுக்குள் போட்ட டியூபில் வந்த தண்ணீரில் மருந்து வாடை இல்லை. சட்டையையும் லுங்கியையும் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. விஷமுறிவு ஊசியான அட்ரோபின் போட்டால் வாய் காய்கிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது. அரை மணி நேரத்தில் மறுபடியும் நுரை.

ஐந்தாவது வரி எழுத ஏதாவது கிடைக்குமா என்று அவரிடம் கேட்டேன்.

"நரம்புலருந்து சுரப்பிக்கும் தசைக்கும் சேதி கொண்டு போறது அசிட்டைல்கோலின் சார். சேதி சொல்லி முடிச்சதும் ஒரு என்சைம் வந்து அதை அழிச்சிடும். இந்த மாதிரி மருந்து அந்த என்சைமைக் கட்டிப் போட்டுடும். அப்புறம் சொன்ன சேதியவே திரும்பத் திரும்பச் சொல்லிட்டிருக்கும்."

"எங்க பத்திரிகை மாதிரி."

அவர் சிரிக்கவில்லை. "எச்சில் நிக்காது, வேர்வை நிக்காது. கண் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கிடும். தசை துடிக்கும். அட்ரோபின் அந்தச் சேதி சுரப்பிக்குப் போய்ச் சேராம கதவைச் சாத்தும். மூக்கு ஒழுகறது, கண்ணீர் எல்லாம்…"

அந்த இடத்தில் நிறுத்தினார். மாதம்மாளைத் திரும்பிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"அம்மா, என்னை நிமிந்து பாருங்க."

இரண்டு கண்ணிலும் வெளிச்சம் அடித்தார். பாப்பா இரண்டும் ஊசிமுனை.

"கண்ணு நல்லாத் தெரியுதா?"

"மங்கலா இருக்குதும்மா. அழுது அழுது…"

"இந்தத் துண்டு ஏது?"

"எம்புள்ளதுதான். மருந்து அடிக்கையில மூஞ்சில கட்டியிருந்தான். நல்ல துண்டாச்சேன்னு அவுத்துக் கையோட எடுத்தாந்தேன்."

கையுறை போட்ட கையால் அம்சா அந்தத் துண்டை வாங்கி, பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டினார். காற்று முகத்துக்கு நேராகத் திரும்பியபோது முதுகில் மாட்டியிருந்த மருந்து டேங்கிலிருந்து வந்ததில் பாதி அந்தத் துண்டில்தான் இறங்கியிருந்தது. மருத்துவர் ஒரு பக்கம் அட்ரோபின் கொடுக்க, பெற்றவள் இன்னொரு பக்கம் விஷம் கொடுத்துக்கொண்டிருந்தார், முழு அன்போடு. தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்.

மாதம்மாளைக் குழாயடிக்கு அழைத்துப்போய்க் கண்ணையும் முகத்தையும் நெடுநேரம் கழுவினார்கள். அவருக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். மாதையன் முகத்தையும் மறுபடி கழுவினார்கள். சாயங்காலத்துக்குள் அவருக்கு நுரை நின்றது. மாதம்மாளின் அழுகையும் நின்றது.

நான் டெஸ்க்குக்கு போன் போட்டேன்.

"பேஜ் போயிடுச்சு சார்," என்றார் துணை ஆசிரியர். "தெளிக்கும்போது மயங்கி விழுந்தாருன்னா அதுல காரணம் எங்க இருக்கு?"

"காத்துதான்யா காரணம்."

"காத்து மேல கேஸ் போட்டிருக்காங்களா?"

திருத்தம்

மறுநாள் காலை பெரியப்பா பத்திரிகையோடு வார்டுக்கு வந்துவிட்டார். துண்டைக் கவரில் கட்டியதை நேரில் பார்த்தவர் அவர். ஆனால் அச்சில் இருப்பது வேறு.

"பேப்பர்லயே போட்டுட்டான் பாருங்க. மனைவியுடன் தகராறு."

"அதை எழுதினது நான்தாங்க. தப்பா எழுதிட்டேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நேத்து கரெக்டாத்தானே எழுதுனீங்க? ராவோட ராவா உங்கள யாரு வந்து பாத்தா?"

மாதையனைக் கேட்கவும் வழியில்லை. அட்ரோபின் மயக்கத்தில் அவர் காற்றில் கை நீட்டிச் சாமந்தி பறித்துக்கொண்டிருந்தார்.

அப்போது பக்கத்து வார்டிலிருந்து மாதம்மாள் வந்தார். இன்னும் பார்வை தெளியாததால் காவேரியின் கையைப் பிடித்திருந்தார். வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

"ஏன் மாமா, அந்த மருந்து எனக்கும்தானே ஏறுச்சு? நானும் மருமவகூட சண்ட போட்டுக் குடிச்சிட்டனா?"

பெரியப்பா பத்திரிகையை மடித்தார்.

"நீ போடி காவேரி. வூட்டுக்குப் போயி புள்ளைங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு வா. நான் இங்க பாத்துக்கறேன். பயப்படாத, எதாலயும் தொடைக்க மாட்டேன்."

அப்போதுதான் காவேரி அழுதாள். அந்தக் கண்ணீருக்கு டார்ச் தேவைப்படவில்லை.

மூன்றாம் நாள் திருத்தம் வந்தது. மூன்று வரி, பக்கத்தின் அடியில், போர்வெல் விளம்பரத்துக்குக் கீழே. நான் எழுதி அனுப்பியதில் 'காற்று' என்ற சொல்லை மட்டும் இடமில்லை என்று எடுத்திருந்தார்கள்.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது தோட்டத்தில் மாதையனைப் பார்த்தேன். டேங்க் முதுகில் ஏறவில்லை, வரப்பில் இருந்தது. களத்துப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆபீசரம்மா, இன்னிக்கி அடிக்கலாமா?"

காவேரி ஒரு பிடி மண்ணை அள்ளித் தூவிப் பார்த்தாள். "வேணாம். நாளைக்கிப் பாக்கலாம்."

இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. பதில் சொல்கிறவர் முழுசாகச் சொல்லி முடிக்கும் வரை எழுதுங்கள். நம் வார்ப்பில் இடமில்லாத சொல் எதுவோ, செய்தி பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஏட்டிடமும் இதைச் சொன்னேன். அவருடைய படிவத்தில் காற்றுக்குக் கட்டம் இல்லை என்றார்.