இடது பக்கக் கேபிள்

1. பேஸ் வராத வீடு

“இன்னா சார், பாட்டு வருது, பேஸ் வரல? தகர டப்பாவ தட்டுற மாதிரி இருக்குது!”

அனந்தபுரம் வேர்க்கடலை மண்டிக்காரர் தம் வீட்டுக் கூடத்தில் நின்று கேட்டார். ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்தவர் சிங்கவரம் தச்சர் ஏழுமலை. ஆம்ப்ளிஃபயரும் கேபிளும் நான் தந்தவை. செஞ்சி பஜாரில் ஆடியோ சர்வீஸ் கடை வைத்திருந்தேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன் என்பதால் என் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருந்தது.

மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் ரெசிஸ்டன்ஸ் ஏறும், பேஸ் என்னும் அடித்தொனி தொளதொளவென்று ஆகும். அதற்காகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் லேன் கேபிளின் எட்டு வயர்களை முறுக்கு கலையாமல் சேர்த்து, நிற வயர் நான்கையும் பிளஸ்ஸாகவும் வெள்ளை நான்கையும் மைனஸாகவும் கட்டுவேன். அது என் கைவேலை. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

இடது, வலது ஸ்பீக்கர்களைத் தனித்தனியே போட்டுப் பார்த்தேன். இரண்டும் நன்றாகவே பாடின.

“பொட்டியிலதான் எங்கியோ காத்து போவுது” என்றேன்.

“மெழுகுவத்தி புடிச்சுப் பார்த்துட்டேன்ணே. மூலையில எங்கியும் காத்து போவல” என்றார் ஏழுமலை.

“உங்க உளி செஞ்ச தப்ப சாரோட படிப்பு கண்டுபுடிக்காதா? பொட்டிய தூக்கிட்டுப் போங்க” என்றார் மண்டிக்காரர் ஏழுமலையிடம்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

2. ஒன்றரை வோல்ட்

மண்டிக்காரர் கம்பெனி ஸ்பீக்கர்கள் வாங்கினார். அவற்றோடு வந்த வயரிலேயே பேஸ் அதிர்ந்தது. பெட்டிதான் மோசம் என்று பஜார் முழுக்கச் சொன்னார். ஏழுமலைக்கு வரவிருந்த இரண்டு ஆர்டர்கள் நின்றுபோயின. என் கேபிளை மண்டிக்காரர் திருப்பித் தந்தபோது, கடையில் இருந்த ஸ்பீக்கர்களில் மாட்டினேன். அங்கேயும் பேஸ் காணாமல் போனது.

ஒன்றரை வோல்ட் பேட்டரி செல் ஒன்றை எடுத்து, வலது கேபிளின் முனையில் தொட்டேன். ஸ்பீக்கரின் கூம்பு, அதாவது கோன், வெளியே தள்ளியது. இடது கேபிளில் அதே போலத் தொட்டேன். கோன் உள்ளே போனது. இடது கேபிளின் ஒரு முனையில் நிற வயர்களைத் தவறுதலாக மைனஸில் ஈயம் உருக்கிப் பற்ற வைத்திருந்தேன். ஒரு கோன் தள்ளும்போது மற்றது இழுத்தால் இரண்டின் பேஸும் ஒன்றையொன்று அழித்துவிடும். தனித்தனியே கேட்டால் இது தெரியவே தெரியாது.

சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆனது. சிங்கவரம் சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். நான் போகவில்லை. அடுத்த வாரம் போகலாம் என்று மூன்று வருடம் இருந்தேன். ஏழுமலை சென்ட்ரிங் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டும் போகவில்லை.

3. சிங்கவரம்

கடையை ஒரேயடியாக மூடிய பிறகுதான் போனேன். வீடு கட்டுமிடத்தில் ஏழுமலை பலகை அடித்துக்கொண்டிருந்தார். தப்பு என் கேபிளில்தான் என்று சொன்னேன். சுத்தியலைக் கீழே வைத்தார்.

“அந்தப் பொட்டி ரெண்டையும் பலக பலகயா பிரிச்சேன்ணே. தப்பு எங்கன்னு தெரியணும்ல? ஒண்ணும் கெடைக்கல. அப்ப என் காதுதான் சரியில்லன்னு நெனச்சுக்கினேன். காது சரியில்லாதவன் பொட்டி செய்யக் கூடாதுன்னு விட்டுட்டேன்.”

மன்னித்துவிடு என்றேன்.

“எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுறது? பஜார்ல சொல்லு” என்று மறுபடி சுத்தியலை எடுத்தார்.

அன்றே மண்டிக்குப் போனேன். “அட, அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு, டீ சாப்டுங்க சார்” என்று மண்டிக்காரர் சிரித்தார். பஜாரின் பழைய கடைக்காரர்கள் நான்கு பேரிடம் சொன்னேன். யாருக்கும் அந்தப் பேச்சு நினைவில்லை. ஏழுமலை மட்டும் இன்னும் பெட்டி செய்வதில்லை.

கேபிள் கட்டும் தம்பிகளே, பிளஸ், மைனஸை இரண்டு முனையிலும் பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்துப் போட்டுக் கேளுங்கள். குறை என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் கைவேலையை. தவறு உங்களுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். வயரை நான் பிறகு சரியாகப் பற்ற வைத்துவிட்டேன். தன் காதின் மேல் அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கையைப் பற்ற வைக்க எனக்குத் தெரியவில்லை.