சறுக்குமரத்துக்கு அனுமதி

காஞ்சன்பாக்கில் அண்ணனின் குவார்ட்டர்ஸுக்கு வந்திருக்கிறேன். குடியிருப்புப் பூங்காவில் சறுக்குமரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு முழங்கால் சிராய்த்துவிட்டதாம், அதற்காக! என் ஐந்து வயது மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறாள்.

"நக்கோம்மா, வேணாம். பச்சா விழுந்தா ஜவாப் யாரு சொல்றது?" என்கிறார் காவலாளி, உருது கலந்த தமிழில்.

"பெத்தவ நான் இங்கதானே நிக்கறேன்?"

"ஆபீசர் கையெழுத்து வேணும்மா."

அவர் பதிவேட்டை நீட்டுகிறார். அனுமதி அளிப்பவர் பெயர், பதவி என்று இரண்டு கட்டங்கள். என் பெயரை எழுதி, பதவிக் கட்டத்தில் ‘அம்மா’ என்று ஆங்கில எழுத்தில் கொட்டையாக எழுதுகிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

"ஹவ், சரிம்மா," என்று சாவியை எடுக்கிறார்.

மகள் சறுக்கி மணலைத் தொடுவதற்குள் பேனா என் கையில் இல்லை. குழந்தைகளோடு பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராக அதே பதவியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.