தேய்ச்சாலும் போகாத கறுப்பு

எனக்கு எழுபத்தெட்டு வயசு. நாலு புள்ளைங்களைப் பெத்து நாலையும் வளத்தேன், ஒண்ணைக்கூட மண்ணுக்குக் கொடுக்கல. மூணு ஆம்பளப் புள்ளைங்க, கடைசியா ஒரு பொண்ணு. நான் படிச்சது ரெண்டாங்கிளாசு. எழுத்து எழுத்தா கூட்டித்தான் எழுதறேன், ஒரு பக்கத்துக்கு ரெண்டு நாள் ஆவுது. கை வலிச்சா வெச்சிட்டுப் படுத்துக்குவேன். எழுத வேண்டியது ஒரே விஷயம்தான். என் பொண்ணுக்காக டாக்டரம்மா கிட்ட போனப்ப நான் ஒரு பொய் சொன்னேன்.

நான் பொறந்த ஊரு கச்சிராயபாளையம் பக்கம். வாசல்ல நின்னா மேக்கால கல்வராயன் மலை. சின்ன வயசுல எங்கம்மாவோட அந்த மலையை ஏறுவேன். உப்பும் கருவாடும் சுமந்துக்கினு போய் மலைக்காரங்க கிட்ட கொடுத்துட்டு, சாமை வாங்கிக்கினு எறங்குவோம். எறங்கறப்பதான் கஷ்டம், முட்டி ரெண்டும் ஆடும். வூட்டுக்கு வந்தா கூழு. நெல்லுச்சோறு அமாவாசைக்கும் பொங்கலுக்கும்தான். எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா அவ காலு நோவக் கூடாது, அவ தட்டுல நெல்லுச்சோறு கொறையக் கூடாதுன்னு அப்பவே மனசுல வெச்சிக்கினேன்.

கட்டிக்கொடுத்த எடம் நல்ல எடம். நெல்லும் கரும்பும் வெளையற பூமி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு ஏத்தினது போக மீதிக் கரும்பைக் காய்ச்சுவோம், வூட்டுல வெல்லத்துக்குப் பஞ்சமே இல்ல. மூணு பையனுக்கு அப்புறம் பொண்ணு வயித்துல வந்தா. அவளைப் பெக்கறப்ப மட்டும் வலி ரெண்டு நாளா விடல. வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. அங்க ஒரு நர்சம்மா என் ஒண்ணுக்கை எடுத்து நீல மருந்துல விட்டுக் காய்ச்சினாங்க. நீலம் போயி செங்கல் நெறமாச்சு.

"உனக்கு சர்க்கரை கீதும்மா. புள்ளை பொறந்ததும் திரும்ப வந்து பாத்துக்கோ" அப்படின்னாங்க.

பொண்ணு பொறந்தா. நாலேகால் கிலோ. பக்கத்துக் கட்டில்காரிங்க எல்லாம் எழுந்து வந்து பாத்தாங்க. அந்தப் பெருமையில நர்சம்மா சொன்னதை மறந்துட்டேன். மறந்துட்டேன்னு எழுதறதும் பொய்தான். மறைச்சேன். எங்க மாமியா காதுல மட்டும்தான் போட்டேன். "வாயை மூடிக்கோ. சர்க்கரை கீற வூடுன்னு தெரிஞ்சா நாளைக்கு இந்தப் பொண்ணை எவன் கட்டுவான்?" அப்படின்னு அவங்க சொன்னது எனக்கும் சரின்னுதான் பட்டுது. பதினாறு வருஷம் அந்தப் பக்கமே போகல. தாகம் எடுத்தா ஒரு சொம்பு தண்ணி குடிப்பேன். அவ்வளவுதான் எனக்கு வைத்தியம்.

பொண்ணு வயசுக்கு வந்தப்ப ஊரே கூப்பிட்டு மஞ்சத்தண்ணி ஊத்தினோம். உளுந்தங்களி கிண்டி, நடுவுல குழி பண்ணி நல்லெண்ணெய் ஊத்தி, வெல்லம் போட்டுக் கொடுக்கறது எல்லார் வூட்டுலயும் உள்ளதுதான். இடுப்பு பலமாவும்னு ஒரு பதினாறு நாளு கொடுப்பாங்க. நான் நிறுத்தவே இல்ல. தெனம் காலையில களி, அப்புறம் மூணு வேளையும் நெல்லுச்சோறு. பள்ளிக்கொடத்தை நிறுத்திட்டேன். கொடத்தைத் தூக்க விடல, களத்துப் பக்கம் விடல. "உங்க பொண்ணு இன்னா ராஜாத்தி மாதிரி உக்காந்துகினு கீது"ன்னு தெருவுல யாராவது கேட்டா எனக்கு உச்சி குளுரும்.

அது இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த காலம். புளிய மரத்தை எல்லாம் வெட்டி ரோட்டுக்குக் குறுக்கப் போட்டாங்க. பஸ்சு எப்ப ஓடும் எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது. எங்க வூட்டுக்காரரும் போய் ரோட்டுல உக்காந்தாரு, போலீசு புடிச்சிக்கினு போய் கடலூர் ஜெயில்ல போட்டுட்டாங்க. பெரிய பையனுங்க ரெண்டு பேரும் ராணிப்பேட்டையில வேலையில இருந்தாங்க, சின்னவன் எங்க அண்ணன் வூட்டுல தங்கிப் படிச்சான். நானும் பொண்ணும்தான் வூட்டுல. காலம் கெட்டுக் கெடக்குதுன்னு அவளை வாசல்ல கூட நிக்க விடல.

அந்த நேரத்துலதான் அவ கழுத்து கறுத்துது. பின்னங்கழுத்துல கரி பூசின மாதிரி. தொட்டுப் பாத்தா மெத்து மெத்துன்னு இருக்கும். அக்குள்ளயும் அதே கறுப்பு. மாசாமாசம் வர்றது நாலு மாசமா வரல. எனக்கு அது பெருசாப் படல, கழுத்துதான் பெருசாப் பட்டுது. ஏன்னா எலவனாசூர்கோட்டையில இருந்து ஒரு எடம் வந்திருந்துது. இப்ப பேசி வெச்சிக்கினு பதினெட்டு ஆனதும் கல்யாணம்னு பேச்சு. மாப்பிள்ளையோட அத்தை எங்க தெருவுலயேதான் வாழ்க்கைப்பட்டிருந்தா, பேச்சைக் கொண்டு வந்ததும் அவதான்.

காஞ்ச பீர்க்கங்காய் நாருல பயத்தமாவைத் தடவி தெனம் கழுத்தைத் தேய்ச்சேன். அழுக்குன்னுதான் நெனைச்சேன். "எம்மா, தோலுதான் போவுது, கறுப்பு போவல"ன்னு அழுவா. "ஒழுங்கா குளிச்சா ஏன் இப்படி ஆவுது?"ன்னு இன்னும் நாலு தேய் தேய்ப்பேன். ஒரு நாள் ரத்தம் கசிஞ்சுது. அப்புறம்தான் டாக்டரம்மா கிட்ட கூட்டிக்கினு போகலாம்னு தோணுச்சு.

பஸ்சு ஓடின ஒரு நாளு கெளம்பினோம். அந்த அத்தைக்காரியும் பையைத் தூக்கிக்கினு வந்து நின்னா. "நானும் வரேன் அண்ணி, கள்ளக்குறிச்சியில எங்க தங்கச்சியைப் பாக்கணும்"னா. வேணாம்னு எப்படிச் சொல்றது?

டாக்டரம்மா கழுத்தைப் பாத்தாங்க, துணியைத் தூக்கி இடுப்பைப் பாத்தாங்க, எடை போட்டாங்க. "பொறந்தப்ப எவ்ளோ எடை?"ன்னு கேட்டாங்க.

"நாலேகால் கிலோம்மா"ன்னு நிமிந்து சொன்னேன்.

எழுதிக்கினு இருந்த கை நின்னுபோச்சு. "அப்ப உனக்கு சர்க்கரை இருந்துச்சா? இப்ப இருக்கா? வூட்டுல வேற யாருக்காவது?"

என் பக்கத்துல ஸ்டூல்ல அத்தைக்காரி. அவ காதைத் தீட்டிக்கினு இருக்கறது திரும்பிப் பாக்காமலே எனக்குத் தெரியும்.

"எங்க வம்சத்துலயே கெடையாதும்மா"ன்னேன்.

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. அதை வெச்சித்தான் நான் பாக்கணும்."

"இல்லம்மா."

தைலம் மாதிரி ஒண்ணு எழுதிக் கொடுத்து, ஒரு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. வெளிய வந்தா பஸ்சு இல்ல, எங்கயோ மறுபடியும் மரத்தைப் போட்டுட்டாங்கன்னாங்க. அத்தைக்காரி தங்கச்சி வூட்டுலயே தங்கிட்டா. நாங்க ரெண்டு பேரும் நடந்தோம்.

பொண்ணுக்கு நடந்து பழக்கமே இல்ல. ரெண்டு மைலு போறதுக்குள்ள மூச்சு எறைச்சுது. தொடை ஒரசிப் புண்ணாயி காலை அகட்டி அகட்டி வெச்சா. எனக்கு நாப்பது வயசு, நான் நடக்கறேன். பதினாறு வயசுப் பொண்ணு நடக்க முடியாம நிக்கறா. ரோட்டுல வெட்டிப் போட்டிருந்த மரத்து மேல உக்காந்தோம்.

"ஏம்மா பொய் சொன்ன?"ன்னா.

"இன்னா பொய்?"

"நீ ஒண்ணுக்குப் போற எடத்துல எறும்பு மொய்க்குது. தோட்டத்துல தெனம் பாக்கறேன். எறும்பு மொய்ச்சா சர்க்கரைன்னு ஆறாங்கிளாசுலயே டீச்சர் சொன்னாங்க."

அவ அதோட விடல. "எனக்கும் வந்துடுமாம்மா? அதைத்தானே அவங்க கேட்டாங்க?"

வெயில்ல கழுத்துல வேர்த்து, நான் தேய்ச்ச புண்ணு எரியுதுன்னு முந்தானையால ஒத்திக்கினு கேட்டா. நான் எழுந்தேன். ஊரு பக்கம் திரும்பல, கள்ளக்குறிச்சி பக்கம் திரும்பினேன். "மறுபடியுமா நடக்கணும்?"னா. "உக்காந்து உக்காந்து நடந்துக்கலாம் வா பாப்பா"ன்னேன்.

டாக்டரம்மா சாப்பிடக் கெளம்பிக்கினு இருந்தாங்க. நின்ன எடத்துலயே எல்லாத்தையும் சொன்னேன். நீல மருந்து, செங்கல் நெறம், எறும்பு, களி, நின்னுபோன பள்ளிக்கொடம். திட்டுவாங்கன்னு பாத்தேன், திட்டல. பொண்ணோட ஒண்ணுக்கைக் காய்ச்சிப் பாத்தாங்க, நீலம் மாறல. அப்புறம் விரலை மடக்கினாங்க. "வயித்துல இருக்கறப்பவே உனக்கு சர்க்கரை. புள்ளை பெரிய புள்ளை. வயசுக்கு வந்ததுல இருந்து எண்ணெயும் வெல்லமும். ஒக்காந்த எடம். இடுப்பைச் சுத்திச் சதை. தீட்டு தள்ளிப் போவுது." அவங்க மடக்கின விரல்ல பாதி நான் ஊர்ல பெருமை பேசின விஷயம்.

"கழுத்துல இருக்கறது அழுக்கு இல்லம்மா, இனிமே தேய்க்காத. இவ ஒடம்புல இன்சுலின்னு ஒண்ணு சொரக்குது. அது சொல்றதை ஒடம்பு கேக்க மாட்டேங்குது, அதனால இன்னும் ஜாஸ்தியா சொரக்குது. அதான் இப்படி வெளிய தெரியுது. இன்னும் சர்க்கரை வரல. வர்ற வழியில நிக்கறா." அப்புறம் என்னை ஒரு பார்வை பாத்தாங்க. "புள்ளைங்க படிப்புக்கு எடம் கேட்டு ஆம்பளைங்க ரோட்டுல உக்காந்துகினு கீறாங்க. நீ வூட்டுல பொண்ணு படிப்பை நிறுத்தி உக்கார வெச்சிருக்க."



அங்கிருந்து நேரா அத்தைக்காரியோட தங்கச்சி வூட்டுக்குப் போனேன். வேற எவளாவது சொல்றதுக்கு முன்ன அத்தைக்காரி கிட்ட நானே சொல்லிட்டேன். அவ தண்ணி கொடுத்தா. "அதுக்கு இன்னா அண்ணி, ஒடம்புன்னா ஆயிரம் இருக்கும்"னா. மறு வாரம் எலவனாசூர்கோட்டையில இருந்து ஜாதகம் பொருந்தலன்னு சேதி வந்துது. முன்னாடி பொருந்துன ஜாதகம்தான். எங்க வூட்டுக்காரர் ஜெயில்ல இருந்து வந்து ஆறு மாசம் என் கிட்ட முகம் கொடுத்துப் பேசல.

பொண்ணு மறுபடியும் பள்ளிக்கொடம் போனா. ரெண்டு வயசு கம்மியா இருக்கற புள்ளைங்களோட உக்காரணும், கிண்டல் பண்ணாங்க. போக வர மூணு மைலு. வழியெல்லாம் அழுதுகினே போவா, நான் கூடவே நடப்பேன். களியை நிறுத்தினேன். எந்தச் சாமையைக் கேவலம்னு நெனைச்சேனோ அதையே மலைக்காரங்க கிட்ட வாங்கி ஆக்கினேன். ஒரு வருஷத்துல தீட்டு ஒழுங்காச்சு. கழுத்து ரொம்ப நாளு ஆச்சு, முழுசா வெளுக்கவும் இல்ல. இருபத்து நாலு வயசுலதான் கல்யாணம். அந்த மாப்பிள்ளையோட அம்மாவுக்கும் சர்க்கரை, அவங்களே முதல்ல சொன்னாங்க. நானும் சொன்னேன்.

அவ்ளோ பண்ணியும் என் பொண்ணுக்கு நாப்பத்தாறுல சர்க்கரை வந்துது. முப்பது வருஷம் தள்ளிப் போட்டிருக்கீங்கன்னு டாக்டருங்க சொல்றாங்க. இருக்கலாம். எனக்குக் கேட்டா சலிப்புதான் வருது. எனக்குக் கால் விரலு ரெண்டு போச்சு, ஒரு கண்ணும் போச்சு.

இப்ப என் கடைசிப் பையன் பொண்ணு, பதினாலு வயசு, அவ கழுத்துலயும் அந்தக் கறுப்பு. பள்ளிக்கொடம், டியூஷன், போனு, எல்லாம் உக்காந்த எடம். விடிய விடிய தூங்கறது இல்ல, காலையில சாப்பிடறது இல்ல, சாயங்காலம் பரோட்டா. மருமவ ஏதோ கிரீம் வாங்கித் தடவறா. டாக்டர் கிட்ட போகலாம்னு சொன்னா, "சும்மா இரும்மா, நீ வாயைத் தொறந்து வூட்டுல எல்லாருக்கும் சர்க்கரைன்னு தமுக்கு அடிப்ப, நாளைக்கு எடம் பாக்க வேணாமா?"ன்னு என் பையன் சொல்றான். மூணு தடவை சொல்லிப் பாத்தேன். இனிமே சொல்லத் தெம்பு இல்ல. அதனாலதான் எழுதினேன்.

பாப்பா, போனைக் கீழ வெச்சிட்டு இங்க வா. இதை உங்கப்பாவும் உங்கம்மாவும் சாப்பிட்டுக்கினு இருக்கறப்பவே படி. எங்கயாவது எழுத்து தப்பா இருந்தா சொல்லு, திருத்திக்கறேன். விஷயத்துல ஒண்ணும் திருத்த வேணாம். மொதல்ல இருந்து படிச்சுக் காட்டு.