கங்காருவும் குனியாத ஜாய்ஸ்டிக்கும்

கோழி வெட்டுகிற கையாலேயே ரசிகர்களுக்குக் கையெழுத்தும் போடுகிறவன் நேசா நகரத்தில் ஒருவன்தான்: நபோர் பிச்சார்தோ. சந்தையில் கோழிக்கறிக் கடை. முன்வழுக்கை, தொப்பை, மழைக்காலத்தில் முட்டிவலி. நான்கு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆனாலும் மெக்சிகோ முழுக்க அவனுக்குப் பெயர் கங்காரு.

எல்லாம் தோன்யா குக்காவின், அதாவது குக்கா அம்மாளின், மருந்துக்கடை வாசலில் ஆரம்பித்தது. அங்கே ஒரு வீடியோ கேம் பெட்டி. இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று, திரையில் ஒருவனை ஒருவன் அடித்துத் துவைக்கும் சண்டை ஆட்டம். அது வந்த வருஷத்தை வைத்துத் தெருவில் ‘தொண்ணூற்றெட்டு’ என்பார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே எவனோ புளி சர்பத்தை இடப்பக்க ஜாய்ஸ்டிக்கில் கொட்டிவிட்டான். அதற்குப் பிறகு அது கீழே இறங்கவே இல்லை. ஜாய்ஸ்டிக் இறங்கினால்தான் திரையில் இருக்கிறவன் குனிவான். இடப்பக்கம் மாட்டியவன் காலில் உதை வாங்காமல் தப்பிக்க ஒரே வழி, குதிப்பது. ஜெயித்தவனுக்கு நல்ல பக்கம், எதிர்க்க வருகிறவனுக்குச் சர்பத் பக்கம் என்பது தெருச் சட்டம். ஆகவே அந்தத் தெருப் பையன்கள் தவளைக் குஞ்சுகள் மாதிரி வளர்ந்தார்கள்.

“தோன்யா, இத ரிப்பேர் பண்ணக் கூடாதா?” என்று பையனாக இருந்தபோதே நபோர் கேட்டான்.

“எல்லாருமா சேர்ந்து காசு போடுங்கடா, பண்றேன். பேதி மாத்திர வாங்க வர்றவங்க உள்ள நுழையறதுக்கு வழி விடாம நிக்கறீங்க. இதுல ரிப்பேர் வேற!”

ஒருவனும் காசு போடவில்லை.

நபோருக்கு மீசை முற்றிய காலத்தில் தலைநகரில் பெரிய போட்டி நடந்தது. ஜப்பானிலிருந்து ஓகிஹாரா என்ற வீரர் விருந்தாளியாக வந்திருந்தார். அங்கே ஜாய்ஸ்டிக் எல்லாம் புத்தம் புதிது. வெண்ணெய் மாதிரி இறங்கும். நபோரின் மணிக்கட்டுக்கு அது தெரியாதே! குதித்தான். குதித்துக்கொண்டே இருந்தான். குனிந்து காத்திருந்து அடிக்கிறவர்களையே பார்த்துப் பழகிய ஓகிஹாரா, இந்தப் பைத்தியம் எப்போது தரையில் நிற்கும் என்று காத்திருந்தே தோற்றுப்போனார். மைக்கைப் பிடித்திருந்தவன் “கங்காரு! கங்காரு!” என்று தொண்டை கிழியக் கத்தினான்.

பிறகு பண்டிதர்கள் கிளம்பினார்கள். அது கயிற்றின் மேலிருந்து தாவும் மல்யுத்த மேடையின் பரம்பரை என்றான் ஒருவன். ஏழைத் தெருவின் கோபம் என்றான் இன்னொருவன். எதிரியின் மனதைக் கலைக்கும் தந்திரம் என்று மூன்றாமவன் மணிக்கணக்கில் வீடியோ போட்டான். நபோர் எதையும் மறுக்கவில்லை. ‘தாவல் பள்ளி’ என்று பெயர் வைத்து, கடைக்குப் பின்னால் சனிக்கிழமைகளில் வகுப்பே நடத்தினான்.

“பயம்தான் குனியும், மானம் குனியாது,” என்று மாணவர்களிடம் சொல்வான்.

கோழிக்கு இறகு பிடுங்கிக்கொண்டே அவன் மனைவி ஒத்தீலியா முணுமுணுப்பாள்: “ஆமா, சர்பத் கொட்டுனா மானம் எப்படிக் குனியும்?”

அவளும் அதே தெருதான்.

இப்படியே காலம் போயிருக்கும். ஒருநாள் ஓகிஹாராவிடமிருந்து செய்தி வந்தது: கங்காரு பிறந்த கோயிலைப் பார்க்க வருகிறேன்.

நபோர் கோழியைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்தான். மருந்துக்கடைக்கு ஓடினான்.

“தோன்யா, கால்ல வேணாலும் விழறேன். அந்த ஜாய்ஸ்டிக்க மாத்திடுங்க. செலவு என்னோடது.”

“இப்பத்தான் புத்தி வந்துச்சாக்கும்,” என்றார் குக்கா. வயது எண்பதைத் தொட்டாலும் நாக்குக்கு வயதாகவில்லை.

ஓகிஹாரா வந்தார். தலை நரைத்திருந்தது, இதற்கென்றே கொஞ்சம் ஸ்பானிஷ் படித்திருந்தார். மாணவர்கள் சூழ்ந்து நிற்க, இடப்பக்கம் நின்று நிதானமாகக் குனிந்து, காத்திருந்து, அந்தத் தெருவிலேயே வளர்ந்து இன்னும் குதித்துக்கொண்டிருந்த ரொட்டிக்கடைக்காரனையும் கசாப்புக்காரனையும் கடைசியில் நபோரையும் வரிசையாகச் சாய்த்தார். ஜெயித்தும் அவர் முகம் தெளியவில்லை.

“எனக்குப் புரியல. நல்ல ஜாய்ஸ்டிக். நல்லாக் குனியுது. அப்புறம் ஏன் எல்லாரும் குதிக்கிறீங்க?”

நபோர் வாயைத் திறப்பதற்குள் கல்லாவிலிருந்து குரல் வந்தது.

“போன வாரம் வரைக்கும் அது குனியவே குனியாது, சாமி. இந்தத் தடிமாடுங்க சர்பத்தக் கொட்டிக் கெடுத்துட்டானுங்க. வேற வழியில்லாம குதிச்சானுங்க. அதுல என்ன ரகசியம்?”

மாணவர்கள் எல்லாரும் நபோரைப் பார்த்தார்கள். தரை பிளந்தால் குதிக்காமலே உள்ளே போயிருப்பான்.

“மாஸ்டர், அந்த மானம்...?” என்று இழுத்தான் ஒருவன்.

“வாய மூடு.”

ஓகிஹாரா ஜாய்ஸ்டிக்கை ஒருமுறை கீழே இறக்கிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “பழசு இருக்கா?”

குக்கா எதையும் தூக்கிப் போடுகிற ரகமில்லை. காலாவதியான இருமல் மருந்துகளுக்கு நடுவிலிருந்து அது வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திரும்ப மாட்டவைத்தார்கள். ஓகிஹாரா அதைப் பிடித்து ஆடினார். கசாப்புக்காரன் காலை வாரினான், விழுந்தார். ரொட்டிக்கடைக்காரன் வாரினான், விழுந்தார். நபோர் கூச்சத்தோடு மெல்ல வாரினான்; அதற்கும் விழுந்தார். ஜப்பானிய மொழியில் அவர் என்னவோ திட்ட, அர்த்தம் புரியாமலே தெரு முழுக்க அதை ரசித்தது. கடைசியில் கண்ணில் நீர் வர அவரே சிரித்துவிட்டார்.

“பதினஞ்சு வருஷம் வீட்ல உக்காந்து உன் தத்துவத்தப் படிச்சேன், முட்டாப் பயலே!” என்று நபோரின் தோளைக் கட்டிக்கொண்டார்.

இத்தனை காலம் நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியது மாதிரி இருந்தது நபோருக்கு. அவனும் சிரித்தான், அப்புறம் எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் அழுதான்.

பள்ளியை இழுத்து மூடிவிடலாம் என்றுதான் நினைத்தான். விதி விடவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, கோழிக்கடை முன்னால் மாணவர்களின் அம்மாக்கள் கூட்டம். ஒவ்வொருத்தி கையிலும் பிசுபிசுவென்று புளி ஒழுகும் ஒரு வீட்டு ஜாய்ஸ்டிக்.

“எங்கடி உன் புருஷன்?”

கோழிக் கூடைகளுக்குப் பின்னால் நபோர் முடிந்தவரை குனிந்துகொண்டான்.

“அதோ உக்காந்திருக்காரு,” என்று கத்தியாலேயே காட்டிக்கொடுத்தாள் ஒத்தீலியா. “கொஞ்சம் மெதுவாப் போடுங்க, மதியம் எனக்கு ஆள் வேணும்.”