மேம்பாலத்தில் என் வலது கால்

செக்காலைப் பகுதியில் பதினெட்டு வருஷமாக கார் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறவர்கள், எந்தக் கம்பெனி கியர்பாக்ஸ் உழைக்கும் என்று என்னிடம்தான் கேட்பார்கள். ஒரு கம்பெனியை மட்டும் வேண்டவே வேண்டாம் என்பேன். நானே வாங்கிய அந்தக் கம்பெனி காரில் இரண்டே வருஷத்தில் கியர்பாக்ஸோடு சேர்ந்த கிளட்ச் கருகிவிட்டது.

ஒருநாள் தேவகோட்டை டீச்சர் ஒருவர் அதே மாடல் காரை ஆயில் மாற்றக் கொண்டுவந்தார். லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் கியர்பாக்ஸில் கை வைத்ததே இல்லையாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேம்பால ஏற்றத்தில் நெரிசல். டீச்சர் பிரேக்கை மிதித்தபடி வண்டியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, அங்குட்டு காலால எதை அமுக்குறீக?"

குனிந்து பார்த்தேன். என் வலது கால் வெறுந்தரையை ஆக்ஸிலேட்டராக நினைத்து அழுத்திக்கொண்டிருந்தது. மேட்டில் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரிலேயே வண்டியைப் பின்னால் உருளாமல் பிடித்து நிறுத்துவது, பழைய ஜீப்பில் நான் பழகிய வித்தை. ஆட்டோமேட்டிக்கில் அப்படிச் செய்தால் கிளட்ச் கருகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவனும் நான்தான்.

"என் வண்டியைக் கெடுத்தது கம்பெனி இல்ல டீச்சர், இந்தக் கால்தான்" என்றேன்.

இப்போது எந்தக் கார் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், முதலில் அந்த மேம்பாலத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லி, அவர்கள் காலைப் பார்க்கிறேன். என் கதையையும் மறைப்பதில்லை. ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் நான் கண்டுபிடித்த பழுது அது ஒன்றுதான். அதில் எனக்குப் பெருமைதான்.