ஆடாத இடத்தில் போட்ட மடக்குக் கட்டில்

திருவண்ணாமலை,
மே 1991

தம்பி பிரசாத்துக்கு மாறன் எழுதுவது.

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். கூட்டிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

அந்த ராத்திரி இருந்தவர்கள் மூன்று பேர். நான் தகர டின்னுக்குப் பக்கத்தில், மலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தீ தெரிந்தால் டின்னைத் தட்ட வேண்டும். எலக்ட்ரீஷியன் சுப்பன் சற்று மேலே, பாறையில். உன் அப்பா முருகையன் அண்ணன் இலுப்பை மரத்தடியில், மடக்குக் கட்டிலில். வேறு யாரும் இல்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்.

அடிவாரத்தில் நட்ட கன்றுகளைக் கோடைத் தீயிலிருந்து காப்பாற்ற எங்கள் குழு காவல் இருப்பது உனக்குத் தெரியும். பகலெல்லாம் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். இரவில் இருவர் விழித்திருக்க, ஒருவர் படுக்கலாம். தேள் பயத்தால் தரையில் படுக்க முடியாது. அதற்காகத்தான் செங்கம் ரோட்டில், ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போகிற சாமான்களுக்கு நடுவில் இந்தக் கட்டிலை மலிவாக வாங்கினோம். அலுமினியக் குழாய், பச்சைக் கேன்வாஸ். மடக்கினால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலை ஏறலாம்.

ஒரே தொல்லை. கட்டில் லேசு என்பதால் தரை கொஞ்சம் மேடு பள்ளமானாலும் ஆடும். அங்கே எங்கு பார்த்தாலும் சரளைக்கல். தேடி அலைந்ததில் இலுப்பை மரத்தடியில் மட்டும் ஓர் ஆள் நீளத்துக்குத் தரை மட்டமாக இருந்தது. நாலு காலும் அசையாமல் நின்றன.

"நமக்குன்னே யாரோ சமன் பண்ணி வெச்சமாரி இருக்குதுப்பா" என்றார் உன் அப்பா.

முதல் ராத்திரி சுப்பன் படுத்தான். அந்த இடத்திலிருந்து மலை வடக்கே. மலைக்குக் கால் நீட்டக்கூடாது, வடக்கே தலையும் வைக்கக்கூடாது. கிழக்கே தலை வைத்துத்தான் படுத்தான். எழுந்தபோது தலை வடக்கே இருந்தது. கட்டிலோடு.

"யோவ், பொணமாட்டம் என்னைத் திருப்பிப் போட்டது யாருய்யா?"

"நீ துன்ற சோத்துக்கு உன்னைத் தூக்க இன்னும் நாலு ஆளு வேணும்டா" என்று உன் அப்பா சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதற்கு மேல் யோசிக்க முடியாத அசதி.

மறுநாள் ராத்திரிதான் மேலே நான் சொன்னது. உன் அப்பா டைபாய்டில் கிடந்து எழுந்த மனுஷன். "அவரைப் பாத்துக்கங்க" என்று உன் அம்மா என்னை நம்பித்தான் அனுப்பினார். இரண்டு நடை தண்ணீர் சுமந்ததிலேயே அவர் முகம் வெளுத்துவிட்டது.

"இந்தக் காலே இனிமே எனக்கு வேணாம் மாறா" என்று சொல்லிப் படுத்தார்.

மணி ஒன்றே கால். காற்று நின்றது.

கிறீச்...

கேன்வாஸ் இழுபடும் சத்தம். புரண்டு படுக்கிறார் என்று நினைத்தேன். அவர் அசையவே இல்லை.

மறுபடியும்... கிறீச்...

டார்ச் அடித்தேன்.

கட்டில் கால்களுக்குக் கீழே வெளிச்சம் போனது.

நாலு கால்களுக்கும் கீழே.

தரைக்கு மேல் ஒரு சாண்...

கட்டில் மெதுவாகத் திரும்பியது. கிழக்கிலிருந்து... வடக்கே...

கீழே இறங்கவில்லை.

நகர்ந்தது.

பாய்ந்து கால்மாட்டுக் குழாயைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்தது. கத்தினேன். சுப்பன் ஓடிவந்து உன் அப்பாவைக் கட்டிப்பிடித்துக் கீழே உருட்டினான்.

பொத்தென்று விழுந்தது கட்டில்.

உன் அப்பா கண் விழித்தார். பயமே இல்லை அவருக்கு. கோபம்தான்.

"ஏன்டா இறக்குனீங்க? நாலு பேரு வந்து, நீ நடந்தது போதும், படுத்துக்க, நாங்க தூக்கினு போறோம்னாங்க. சரின்னுட்டேன்..."

விடியும்வரை மூவரும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். கட்டிலைத் தொடவில்லை.

காலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த வெள்ளையம்மாள் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அங்கியா படுத்தீங்க? ரோடு வர்றதுக்கு முன்னாடி எங்க ஊருப் பொணமெல்லாம் இந்த வழியாத்தான் போவும். பாதி வழின்னு இங்க பாடைய இறக்கி, திருப்பி வெச்சு, மறுபடி தூக்குவாங்க. இறக்கி இறக்கியே மட்டமான எடம் சாமி அது."

கட்டிலை அங்கேயே போட்டுவிட்டு, உன் அப்பாவை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று காலை உன் அம்மா வந்தார்.

"பாயிலதான் படுக்கறாரு. கெழக்கத்தான் தலை வெக்கிறாரு. விடிஞ்சு பாத்தா பாயோட வடக்கத் திரும்பிக் கெடக்கறாரு. மொத நாளு உள்ரூம்ல. நேத்து கூடத்துல. இன்னிக்கு வாசப்படியில. எழுப்பினா, இன்னும் கொஞ்ச தூரந்தான், விடுடின்றாரு..."

தந்தி கொடுத்தால் காரியமே முடிந்துவிட்டது என்று நீ நினைத்துக்கொள்வாய். அதனால் ஓசூர் பஸ் கண்டக்டர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிடைத்த நிமிஷமே கிளம்பி வா. வந்து அப்பாவை உன்னோடு அழைத்துப் போய்விடு.

இன்று ராத்திரி அவருக்கு இரண்டு பக்கமும் நானும் சுப்பனும் உட்காரப் போகிறோம். ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு நாங்கள் இருவரும் சரியாகத் தூங்கவில்லை தம்பி. உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. மத்தியானம் டீக்கடை பெஞ்சில் அப்படிச் சொருகியபோது, என் காதுக்குப் பக்கத்தில் யாரோ மெல்லச் சொன்னார்கள்...

"நீயும் படுத்துக்க."

பஸ் ஹாரன் அடிக்கிறான். கவரை ஒட்டுகிறேன்.