ஜெயகுமாரியின் இசைக்கவை

இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் குழாயின் வாய்க்கு மேல் பிடித்ததும், ஜெயகுமாரி குழாயைப் பார்ப்பதில்லை. முன்பெஞ்சு ராசாத்தியின் முகத்தைப் பார்ப்பாள். மறு கை குழாயைத் தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல உயர்த்தும். ராசாத்தியின் புருவம் ஏறும் இடத்தில் கை நின்றுவிடும்.

"இங்கதான் சத்தம் நொம்பப் பெருசு. சரிதானே கண்ணு?"

ஜெயகுமாரி என் சித்தி மகள். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு இயற்பியல் டீச்சர். வலது காது எப்போதோ போய்விட்டது. இப்போது இடதும் போய்க்கொண்டிருக்கிறது. நான் துபாயிலிருந்து லீவில் வந்தவுடன் காதுக்கு மிஷின் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"வேண்டாங்கண்ணா. நான் டெம்ப்ரரி. மிஷினப் பாத்தா, லேபுக்கு வேற ஆளப் பாத்துக்கறோம்னுருவாங்க. ஊட்டுக்காரருக்கும் எஸ்டேட் வேலை நின்னு போச்சு."

பாடத்தில் பிசகு கிடையாது. ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டி ஆட்டிக் காட்டுவாள். "போற அலையும், மோதித் திரும்பற அலையும் சேந்துருச்சுன்னா, ஓடற மாதிரியே தெரியாது. இந்த எடம் அசையவே இல்ல பாரு, கணு. நடுவுல தொந்தியாட்டம் ஆடுதே, அது எதிர்க்கணு." குழாய்க்குள் காற்றும் அப்படித்தான். தண்ணீர் மட்டத்தில் கணு, திறந்த வாயருகே எதிர்க்கணு. ஆனால் கயிற்றைக் கண்ணால் பார்க்கலாம். காற்றைக் காதால்தான் பிடிக்கவேண்டும்.

நேற்று மழையில் செம்மநத்தம் பஸ் வரவில்லை, ராசாத்தியும் வரவில்லை. அவள் இடத்தில் தலைச்சோலையிலிருந்து வரும் குழந்தைவேல் உட்கார்ந்திருந்தான். குழாய் ஓங்கி முழங்கியது. சோற்றுக் கேரியரோடு வாசலில் நின்ற எனக்கே கேட்டது. குழந்தைவேல் கல்லாட்டம் இருந்தான். அவள் கை நிற்காமல் உயர்ந்துகொண்டே போனது. முழக்கம் செத்து வெகுதூரம் போனபின் அவன் புருவத்தைத் தூக்கினான்.

"இப்பக் கேக்குதுங்க மிஸ்!"

"ஆமா கண்ணு, நல்லாக் கேக்குது."

குழாயில் தண்ணீருக்கு மேலிருந்த நீளத்தை அளந்து போர்டில் கணக்குப் போட்டாள். காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு முந்நூற்று நாற்பது மீட்டரை ஒட்டி வரவேண்டும். ஐந்நூறைத் தாண்டியது. சாக்பீஸ் பாதியில் நின்றது.

"மிஸ்ஸோட காத்து ஏரோப்பிளேன்ல போகுதுடோய்!" என்றது பின்பெஞ்சு. அது அவளுக்கு எட்டவில்லை. திரும்பினாள். குலுங்கும் தோள்களைப் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, போர்டை அழித்தாள்.

அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. வெளியூர் எக்ஸாமினர் பக்கத்திலேயே நிற்பார். பிள்ளைகள் குறிக்கும் இடம் சரியா என்று அவளே காதால் கேட்டுச் சொல்லவேண்டும்.

மணி அடித்து வகுப்பு காலியானது. வாசலில் நான் நிற்பதை அவள் கவனிக்கவில்லை. கவையைத் தட்டி, அதன் காம்பை இடது காதின் பின்னெலும்பில் வைத்தாள். எலும்பு வழியாகவாவது கேட்குமா என்று காத்திருந்தாள். பிறகு கவை அதிர்கிறதா என்று பார்க்க, அதன் நுனியால் பீக்கர் தண்ணீரைத் தொட்டாள். தண்ணீர் தெறித்து அவள் முகத்தில் விழுந்தது.

துடைக்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டி, காம்பைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடினாள்.